நாலாவது மூலை

என் தகப்பனார் ஒரு ஜவுளிக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் பட்டியலையும் மேலிருந்து கீழாக ஒரு தடவை கூட்டுவார். வந்த தொகையைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக் கவிழ்த்து வைத்துவிடுவார். பிறகு கீழிருந்து மேலாக மறுபடியும் கூட்டுவார். இரண்டும் ஒத்தால்தான் அது பேரேட்டில் ஏறும்.

சிறு வயதில் எனக்கு இது வீண் வேலையாகத் தோன்றியது. “மேலிருந்தே இரண்டு தடவை கூட்டினால் போதாதா?” என்று கேட்டேன்.

“போன வழியிலேயே திரும்பவும் போனால், விழுந்த பள்ளத்திலேயே திரும்பவும் விழுவாய். எதிர்ப்பக்கத்திலிருந்து வா” என்றார்.

அவர் காலமான பிறகு அவருடைய படம் ஒன்றைப் பெரிதாக்கிச் சட்டம் போடக் கொடுத்தேன். கடையின் பெயர் வேண்டாம். நகரத்தில் நல்ல பெயருள்ள கடைதான். சட்டம் வந்தது. தேக்கு மரம், இரண்டு அங்குல அகலம், பளபளவென்று மெருகு. சுவரில் மாட்டிவிட்டு எட்ட நின்று பார்த்தேன். மூன்று மூலைகள் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன. நாலாவது மூலையில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி. அதில் ஏதோ மெழுகை அடைத்துச் சாயம் பூசியிருந்தார்கள்.

“மூன்று மூலை நன்றாகத்தானே இருக்கிறது? நாலில் ஒன்றுதானே!” என்றாள் என் மனைவி. கதை எழுதுகிறவனுக்கு நாலில் மூன்று தேறினால் அது நல்ல வருஷம்தான். ஆனால் படத்தில் இருந்தவர் வேறு ரகம். காலணா வித்தியாசத்துக்காக இரவு பத்து மணி வரை கடையில் உட்கார்ந்திருந்த மனிதரை, பொருந்தாத மூலைக்குள் பூட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்து ஊருக்குப் போனேன். அங்கே ஒரு வயதான ஆசாரி இருந்தார். இப்போது அவர் இல்லை. பேரன் பட்டறை நடத்துகிறான். மேஜை நடுவே வட்ட ரம்பம் சுழலும் இயந்திரம் ஒன்று வைத்திருக்கிறான். சட்டத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“இந்த ஒரு மூலையைச் சரிசெய்ய முடியுமா, தம்பி?” என்றேன்.

“இந்த மூலையில் ஒரு தப்பும் இல்லை, சார். மற்ற மூன்று மூலையும் செய்த தப்பை இது சொல்கிறது. அவ்வளவுதான்” என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லூரியில் இரண்டு வருஷம் கணக்குப் படித்தவன் நான். இருந்தும் இது எனக்கு எட்டவில்லை.

*

கணக்கு இதுதான். ஒரு சட்டத்துக்கு நான்கு கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் இரண்டு முனைகள். ஆகவே எட்டு வெட்டு. ஒவ்வொன்றும் 45 டிகிரி சாய்வில் இருக்க வேண்டும். எட்டும் சேர்ந்தால் 360. சுற்று முடிந்து சட்டம் மூடிக்கொள்ளும்.

ஒவ்வொரு வெட்டும் அரை டிகிரி குறைவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை டிகிரியை யாரும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. முதல் மூலையை ஒட்டுகிறோம், நன்றாகப் பொருந்துகிறது. இரண்டாவதும் பொருந்துகிறது. மூன்றாவதும் அப்படியே. ஆனால் எட்டு அரை டிகிரி சேர்ந்து நான்கு டிகிரி ஆகிவிட்டது. அந்த நான்கும் போக வேறு இடம் இல்லை; கடைசி மூலைக்குத்தான் வந்து சேர வேண்டும். இரண்டு அங்குலச் சட்டத்தில் அது சுமார் ஐந்து மில்லிமீட்டர் பிளவாகத் திறந்துகொள்கிறது. பிழை பத்தில் ஒரு டிகிரிதான் என்றாலும் கடைசியில் ஒரு மில்லிமீட்டர் திறக்கும்.

அரை டிகிரிப் பிழையைக் கண்டுபிடிக்கக் கண்ணால் முடியாது. நான்கு டிகிரிப் பிழையைக் குழந்தைகூடக் கண்டுபிடிக்கும். படச் சட்டம் என்பது சிறு பிழைகளைக் கூட்டிப் பெரிதாக்கிக் காட்டும் ஓர் இயந்திரம். அந்தக் கோணத்தில் பார்க்க ஆரம்பித்த பிறகு, பழைய புத்தகங்களைப் புரட்டாமல் இருக்க முடியவில்லை. மனிதன் ஒரு கோணத்தைச் சரியாக வெட்டக் கற்றுக்கொண்ட கதை, நான் நினைத்ததைவிட நீளமான கதை.

*

லண்டனில் ஜோசப் மாக்ஸன் என்று ஓர் அச்சுக்காரர் இருந்தார். பூகோள உருண்டைகள் செய்து விற்றவர். ராயல் சொசைட்டியில் அங்கத்தினராகவும் ஆனவர். 1670களின் கடைசியில் அவர் கைத்தொழில்களைப் பற்றி மாதந்தோறும் சிறு வெளியீடுகளாக எழுத ஆரம்பித்தார். கொல்லு வேலை, தச்சு வேலை என்று வரிசையாக வந்தன. ஆங்கிலத்தில் இம்மாதிரித் தொழில் நூல்களுக்கு அவர்தான் முன்னோடி.

படச் சட்டத்துக்கும் கண்ணாடிச் சட்டத்துக்கும் மூலை வெட்டும் கருவியைப் பற்றி அவர் அதில் சொல்கிறார். ஒவ்வொரு கட்டையிலும் சாய்கோடு போட்டு வெட்டுவது ஒரு முறை. நிறைய வெட்ட வேண்டியிருந்தால் தச்சர்கள் வேறொரு தந்திரம் செய்வார்கள். மரத்தால் ஒரு தொட்டி மாதிரி செய்து, அதன் சுவர்களில் 45 டிகிரி சாய்வாக ரம்பம் போகிற அளவுக்குப் பிளவு போட்டுவிடுவார்கள். கட்டையை அதற்குள் வைத்து, ரம்பத்தைப் பிளவுக்குள் விட்டு அறுக்க வேண்டியதுதான். கோடு போடும் வேலை மிச்சம்.

மைட்டர் பெட்டி என்று அதற்குப் பெயர். பட்டறைப் பேச்சில் இன்று ‘ஜிக்’ என்று சொல்கிறார்களே, அந்த ஜாதியில் இது ஒரு மூத்த பிள்ளை. வேலையைச் செய்யும் கருவி ரம்பம். ரம்பத்தை இப்படித்தான் போக வேண்டும் என்று கட்டுப்படுத்துவது ஜிக். கவனமெல்லாம் ஒரு தடவை, பிளவு போடும்போது செலவாகிறது. அதற்குப் பிறகு நூறு கட்டை அறுத்தாலும் நூறும் ஒரே மாதிரி.

ஒரே மாதிரி என்றேனே ஒழிய, சரியாக என்று சொல்லவில்லை. பிளவு அரை டிகிரி பிசகியிருந்தால் நூறு கட்டையும் அரை டிகிரி பிசகும். கையால் அறுக்கிறவன் ஒரு தடவை கூட்டியும் ஒரு தடவை குறைத்தும் தவறு செய்வான். சில சமயம் ஒன்றை ஒன்று ஈடு கட்டிவிடும். ஜிக்குக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அது தவறைக்கூடத் தவறாமல் செய்யும்.

*

வட்ட ரம்பத்தின் பெயர் ஆவணங்களில் அடிபடுவது 1777இல். இங்கிலாந்தில் சௌதாம்ப்டன் நகரத்து சாமுவேல் மில்லர் என்பவர் எடுத்த காப்புரிமையில் அது வருகிறது. ஆனால் மேஜை ரம்பத்தின் சரித்திரத்தில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தவர் இன்னொரு சாமுவேல். தத்துவ அறிஞர் ஜெரமி பெந்தமின் தம்பி சாமுவேல் பெந்தம்.

சாமுவேல் ரஷ்யாவுக்குப் போய்ப் பத்து வருஷத்துக்கு மேல் அங்கே வேலை பார்த்தவர். கைதேர்ந்த தொழிலாளிகள் கிடைக்காத இடம் அது. ஒரு காவலாளி நடுவில் உட்கார்ந்து சுற்றிலும் எல்லோரையும் கண்காணிக்கும் கட்டட யோசனை அவருக்கு அங்கேதான் தோன்றியது. அண்ணன் அதை எடுத்துக்கொண்டு சிறைச்சாலைத் திட்டமாக விரித்தார். தம்பி 1791இலும் 1793இலும் மரவேலை இயந்திரங்களுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த இயந்திரங்களை லண்டனில் அண்ணன் வீட்டிலேயே வைத்துப் பார்த்தார்கள். சிறைக் கைதிகளைக் கொண்டு அவற்றை ஓட்டுவது என்பது திட்டம்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். தொழில் தெரியாதவன், விருப்பம் இல்லாதவன், தப்பி ஓடப் பார்க்கிறவன், இவன் கையில் கொடுத்தாலும் மரம் சரியாக அறுபட வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? தொழில் முழுவதையும் மனிதனின் கையிலிருந்து எடுத்து இயந்திரத்துக்குள் வைத்துவிட வேண்டும் என்றுதான் அர்த்தம்.

சிறைத் திட்டம் நிறைவேறவில்லை. யோசனை மட்டும் வேறு வழியில் பலித்தது. சாமுவேல் பெந்தம் பிரிட்டிஷ் கடற்படையின் கட்டுமானப் பொறுப்புக்கு வந்தார். பாய்மரக் கப்பலுக்குக் கயிறு இழுக்கும் மரக் கப்பிகள் வேண்டும். 74 பீரங்கிகள் உள்ள ஒரே ஒரு கப்பலுக்குச் சுமார் ஆயிரம். பிரான்ஸிலிருந்து வந்த மார்க் பிரூனெல் அவற்றைச் செய்ய இயந்திர வரிசை ஒன்றை வகுத்தார். ஹென்றி மாட்ஸ்லே அவற்றை உலோகத்தில் வடித்துக் கொடுத்தார். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் 1808இல் அந்த ஆலை ஒரே வருஷத்தில் 1,30,000 கப்பிகளைச் செய்தது. தேர்ந்த தொழிலாளிகள் 110 பேர் செய்த வேலையைத் தொழில் தெரியாத 10 பேர் செய்தார்கள் என்பது சரித்திர நூல்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு.

மிச்சம் நூறு பேர் என்ன ஆனார்கள் என்ற கேள்வியும் கூடவே எழாமல் இல்லை. கதை எழுதுகிறவனுக்குப் பத்துப் பேரைவிட அந்த நூறு பேர்தான் கண்ணில் நிற்கிறார்கள். ஆனால் அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. கைத்தேர்ச்சி இயந்திரத்துக்குள் போய்விட்டது சரி. இயந்திரம் சரியாக இருக்கிறது என்று சொல்லும் தேர்ச்சி எங்கே போயிற்று? ஜிக் கோணத்தைக் காப்பாற்றுகிறது. ஜிக்குக்குக் கோணத்தைக் கொடுத்தவர் யார்?

*

இந்தக் கேள்விக்குக் கடலிலிருந்து ஒரு பதில் கிடைக்கிறது.

நடுக்கடலில் மாலுமிக்குத் தன் தீர்க்கரேகை தெரிய வேண்டும். அதற்கு ஒரு வழி, சந்திரனுக்கும் ஒரு நட்சத்திரத்துக்கும் இடையே உள்ள கோணத்தை அளப்பது. அந்த அளவில் ஒரு நிமிஷம், அதாவது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, தவறினால் தீர்க்கரேகையில் சுமார் அரை டிகிரி தவறும். பூமத்திய ரேகை அருகே அது 30 கடல் மைல். பாறைகள் 30 மைலுக்கு மன்னிப்பதில்லை.

கோணம் அளக்கும் கருவியில் கோடுகள் வரைய வேண்டுமே! அந்தக் காலத்தில் கைதேர்ந்தவர்கள் கவராயத்தால் ஒவ்வொரு கோடாகப் பிரித்து வரைந்தார்கள். யார்க்‌ஷயரில் ஒரு சத்திரக்காரரின் மகனாகப் பிறந்த ஜெஸ்ஸி ராம்ஸ்டன் இதற்கு ஓர் இயந்திரம் செய்தார். 1775இல் முடிந்த அவருடைய பெரிய இயந்திரத்தில் 45 அங்குல விட்டமுள்ள சக்கரம் ஒன்று. அதன் விளிம்பில் 2,160 பற்கள். ஒரு திருகு அந்தப் பற்களில் கடித்து நிற்கும். திருகை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும். அதாவது பத்து நிமிஷம். ஆறு சுற்றுக்கு ஒரு டிகிரி. திருகின் தலையில் 60 பிரிவுகள். ஒவ்வொன்றும் பத்து செகண்டு.

இதுவும் ஒரு ஜிக்தான். உலகத்துக் கருவிகளுக்கெல்லாம் டிகிரி பிரித்துக் கொடுத்த ஜிக். தீர்க்கரேகைக் குழு அவருக்கு 615 பவுன் கொடுத்தது. முறையைப் பிறருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், பிரசுரிக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டது. 1777இல் விவரம் அச்சாயிற்று. அந்த இயந்திரம் இன்று அமெரிக்காவில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையில் இருக்கிறது.

கோணத்தில் பத்து செகண்டு பார்த்த ராம்ஸ்டனுக்கு நாள் கணக்கு மட்டும் ஒத்துவராது. மன்னர் அழைத்த அதே தேதியில், அதே மணிக்கு அரண்மனைக்குப் போய் நின்றாராம்; சரியாக ஒரு வருஷம் கழித்து! அவரைப் பற்றி வழங்கும் கதை இது.

*

ராம்ஸ்டனிடம் தொழில் கற்றவர்களில் வில்லியம் கேரி ஒருவர். அவர் லண்டனில் செய்த பெரிய தியோடலைட் ஒன்று நம் ஊர்க் கதைக்குள் வருகிறது. அரை டன் கனம். 36 அங்குல விட்டமுள்ள வட்டத் தகட்டில் டிகிரிகள். நிலத்தை அளக்க வந்த வில்லியம் லாம்டனுக்காக அது கப்பலேறியது. வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோனார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, இது யுத்த சாமான் அல்ல என்று தெரிந்ததும், அங்கிருந்த கவர்னர் மரியாதையோடு சென்னைக்கு அனுப்பி வைத்தார்.

லாம்டன் 1802இல் சென்னையில் பரங்கிமலைக்கு அருகே ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதை முடிக்க 57 நாட்கள் ஆயின. அந்த ஒரு கோட்டிலிருந்து, கோணங்களை மட்டும் அளந்து, முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாகத் தேசத்தின்மேல் விரித்துக்கொண்டு போவது திட்டம். ஒரு கோணம் பிசகினால் அடுத்த முக்கோணமும் பிசகும். அது அதற்கடுத்ததைக் கெடுக்கும். படச் சட்டத்தின் கதைதான். மூலைகள் மட்டும் மைல் கணக்கில்.

அதற்கு அவர்கள் வைத்திருந்த காவலும் சட்டத்தின் காவல்தான். முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் தனித்தனியே அளப்பார்கள். இரண்டை அளந்தால் மூன்றாவதைக் கணக்கிட்டுவிடலாமே என்று சோம்பல் படவில்லை. மூன்றும் சேர்ந்து 180 டிகிரி வருகிறதா? பூமி உருண்டையாக இருப்பதால் கூடும் சில செகண்டுகளைக் கழித்து, மிச்சம் எவ்வளவு? அந்த மிச்சம் பிழையின் வாக்குமூலம். பிறகு 1804இல் பெங்களூர் அருகே இன்னொரு அடிக்கோட்டைத் தரையிலேயே அளந்தார்கள். முக்கோணங்களின் வழியே கணக்கிட்டு வந்த நீளத்துக்கும் நேரே அளந்த நீளத்துக்கும் வித்தியாசம் சில அங்குலம்தான். என் தகப்பனார் அந்த இடத்தில் இருந்திருந்தால் தலையை ஆட்டியிருப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்து கூட்டியிருக்கிறார்களே!

காவேரிப் படுகையில் குன்றுகள் இல்லை. எங்கே திரும்பினாலும் தென்னந்தோப்பு. தூரம் தெரிய வேண்டுமானால் கோயில் கோபுரங்களின்மேல் ஏற வேண்டும். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தின்மேல் அந்த அரை டன் கருவியை ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. பெட்டி சுவரில் மோதியது. உள்ளே இருந்த வட்டத் தகடு நெளிந்துவிட்டது.

வட்டம் நெளிந்த தியோடலைட், பிளவு பிசகிய மைட்டர் பெட்டி மாதிரி. இனி அது காட்டும் ஒவ்வொரு கோணமும் பொய். புதிது வேண்டுமானால் லண்டனிலிருந்து வர வேண்டும். லாம்டன் கருவியோடு ஒரு கூடாரத்துக்குள் போனார். முழுவதையும் பிரித்தார். ஆப்புகள், திருகுகள், கப்பிகள் இவற்றைக்கொண்டு நெளிந்த தகட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வட்டத்துக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம். பிறகு அதே கருவியோடு புறப்பட்டு, 1823இல் ஹிங்கன்காட்டில் இறக்கும்வரை அளவைப் பணியிலேயே இருந்தார்.

ராம்ஸ்டனின் சக்கரம் லண்டனில் இருக்கிறது. தஞ்சாவூரில் இருப்பவை ஆப்பும் கப்பியும். அவற்றால் எப்படி வட்டத்தைச் சரிசெய்ய முடிந்தது? சரிசெய்ததைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி அவரிடம் இருந்தது. முழு வட்டம் எங்கேயும் 360தான். சுற்றி வந்து சேர்ந்தால் மூடிக்கொள்ள வேண்டும். அதை லண்டனிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை.

*

இந்த உண்மையை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனவர் ஜோசப் விட்வொர்த். கப்பி இயந்திரங்கள் செய்த மாட்ஸ்லேயின் பட்டறையில் 1825இல் வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு தகடு முற்றிலும் சமதளமாக இருக்கிறதா என்று எப்படிச் சொல்வது? இன்னொரு தகட்டோடு சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் ஒன்று மேடாகவும் மற்றது அதே அளவு பள்ளமாகவும் இருந்தால் இரண்டும் நன்றாகப் பொருந்திவிடும். எனவே மூன்று தகடுகள் வேண்டும். முதலும் இரண்டாவதும் பொருந்த வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்த வேண்டும். மூன்றாவது முதலோடும் பொருந்த வேண்டும். மூன்று ஜோடியும் பொருந்தினால் மேடு பள்ளத்துக்கு இடமே இல்லை. 1840இல் கிளாஸ்கோ நகரில் கூடிய விஞ்ஞான சபையில் விட்வொர்த் சமதளத் தகடுகளைப் பற்றிக் கட்டுரை படித்தார்.

இரண்டு பேர் ஒத்துப்போவதால் மட்டும் ஒரு விஷயம் உண்மையாகிவிடாது. ஒருவருடைய கோணலுக்கு மற்றவர் கோணல் பொருந்தியிருக்கலாம். குடும்பங்களிலும் கட்சிகளிலும் நாம் பார்க்காததா!

*

பட்டறைக்குத் திரும்புவோம்.

மேஜை ரம்பத்தோடு வந்த கோணம் வைக்கும் சாதனத்தை அந்தப் பையன் எடுத்துக் காட்டினான். அரைவட்டத் தகடு, அதில் டிகிரிக் கோடுகள்.

“இதில் 45 வைத்து வெட்டினால் போதாதா?” என்றேன்.

“வெட்டலாம், சார். உங்கள் சட்டத்தை அப்படித்தான் வெட்டியிருப்பார்கள். இந்தக் கோட்டின் தடிமனைப் பாருங்கள். கோட்டின் இந்தக் கரையில் வைப்பதா, அந்தக் கரையில் வைப்பதா?”

பிறகு ஒரு ஜிக் செய்தான். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை பார்த்தேன்.

நெளிவில்லாத பிளைவுட் பலகை ஒன்று. மேஜையில் ரம்பத்துக்கு இருபுறமும் நீளவாட்டில் இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. அவற்றில் ஓடும்படி பலகையின் அடியில் இரண்டு ரீப்பர்களைப் பொருத்தினான். முன்னும் பின்னும் வழுக்கிப் போக வேண்டும். பக்கவாட்டில் இம்மியும் ஆடக் கூடாது. இழைத்து, வைத்துப் பார்த்து, மறுபடியும் இழைத்து, இதற்கே அரைப் பொழுது ஆயிற்று. பலகையை ரம்பத்தில் பாதி வரை தள்ளியதும் நடுவே ஒரு பிளவுக்கோடு விழுந்தது.

அடுத்து மூலைமட்டத்தை எடுத்தான். நேரான விளிம்புள்ள ஒரு பலகையில் அதை வைத்துக் கோடு கிழித்தான். உடனே மட்டத்தைக் கவிழ்த்துப் போட்டு, அதே புள்ளியிலிருந்து மறுபடியும் கிழித்தான். இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. மட்டம் பிசகியிருந்தால் கோடுகள் பிரிந்து, பிசகு இரட்டிப்பாகத் தெரியும்.

“யார் சொல்லிக் கொடுத்தது?”

“தாத்தா. மட்டத்தை நம்பாதே, கவிழ்த்துப் பார் என்பார்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. துண்டுக் காகிதத்தைக் கவிழ்த்து வைத்த ஒரு கை எனக்கு ஞாபகம் வந்தது.

ரம்பம் மேஜைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்தான். பிறகு இரண்டு தடுப்புக் கட்டைகளை ஒன்றுக்கொன்று செங்கோணமாக, கூர்முனை பிளவுக்கோட்டின்மேல் இருக்கும்படி திருகினான். ஒவ்வொரு சட்டக் கட்டையின் ஒரு முனையை இடதுபுறத் தடுப்பிலும், மறுமுனையை வலதுபுறத் தடுப்பிலும் வைத்து வெட்ட வேண்டும்.

“இரண்டு பக்கமும் சரியாக 45 என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“சரியாக 45 ஆக இருக்கவே வேண்டாம், சார்” என்று சிரித்தான்.

ஜிக்கின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. இரண்டு தடுப்புகளுக்கும் நடுவே 90 மட்டும் சரியாக இருக்க வேண்டும். முழுவதும் சற்றே திரும்பியிருந்தால் ஒரு பக்கம் 44½ ஆகும். மறுபக்கம் 45½ ஆகும். சட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் இடதுபுறம் வெட்டிய முனை ஒன்றும் வலதுபுறம் வெட்டிய முனை ஒன்றும் சேருகின்றன. கூட்டினால் 90. இரண்டு அளவுகளைத் தனித்தனியே காப்பாற்றுவதைவிட, இரண்டின் கூட்டுத் தொகையைக் காப்பாற்றுவது சுலபம். அந்தக் கூட்டுத் தொகையோ, கவிழ்த்துப் பார்த்துச் சோதித்த மூலைமட்டத்திலிருந்து வந்தது.

நீளத்துக்கும் ஒரு ஏற்பாடு. தடுப்பில் ஒரு முட்டுக் கட்டை பொருத்தினான். எதிரெதிர்க் கட்டைகள் இரண்டும் அதில் முட்டி, ஒரே நீளத்தில் வெட்டுப்படும். நீளம் பிசகினால் கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் சட்டம் மூடாது.

எல்லாம் முடிந்ததும், நல்ல தேக்கை எடுப்பான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. பொறுக்கிப் போட்ட மரத்தில் நான்கு துண்டு வெட்டி, மூன்று மூலைகளை இறுக்கிக் கட்டி, நாலாவதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். ஒரு கீற்று வெளிச்சம் தெரிந்தது. ஒரு தடுப்பின் திருகைத் தளர்த்தி, அதன் பின்னால் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி, மறுபடியும் நான்கு வெட்டினான். கீற்று மெலிந்தது. காகிதத்தை மாற்றினான். ஐந்தாவது தடவை வெளிச்சம் தெரியவில்லை.

அப்போதுதான் எனக்குப் போர்ட்ஸ்மத் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. இனி இந்த ஜிக்கில் என்னை உட்கார வைத்தாலும், விரல்களை ரம்பத்துக்குத் தள்ளி வைத்துக்கொண்டால், சட்டம் மூடும். பெந்தம் எதிர்பார்த்த கைதியும் அதை ஓட்டலாம். ஆனால் அந்தக் காகிதத் துண்டைச் செருகியவன் கைதி அல்ல. தேர்ச்சி அவன் கையைவிட்டு எங்கும் போகவில்லை. வெட்டுகிற இடத்திலிருந்து சந்தேகப்படுகிற இடத்துக்கு மாறியிருக்கிறது. மிச்சப் பாதி, அந்த நூறு பேரைப் பற்றியது. அதற்கு இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. பேரனின் பட்டறையில் ஒரே ஒரு முக்காலிதான் இருந்தது என்பதை மட்டும் கவனித்தேன். தாத்தா காலத்தில் அங்கே ஆறு பேர் உட்கார்ந்து வேலை செய்தார்கள்.

கடைசியாகத் தேக்கை எடுத்தான். தாத்தா பரணில் போட்டு வைத்திருந்த பழைய மரமாம். மரம் ஈரத்தில் அகலவாட்டில் ஊதும், வெயிலில் சுருங்கும். நீளவாட்டில் அவ்வளவாக அசையாது. அதனால் எவ்வளவு சரியாக வெட்டினாலும், பச்சை மரம் காயக் காய மூலையின் உட்பக்கம் திறந்துகொள்ளும். கோணத்தை வெட்டியவன் பிழை அல்ல அது, காத்திருக்காதவன் பிழை. பரணில் கிடந்த வருஷங்களையும் சேர்த்துத்தான் அந்தச் சட்டத்துக்குக் கணக்குப் பார்க்க வேண்டும்.

படத்தை மாட்டினேன். ஐப்பசி மழை வந்து போயிற்று. சித்திரை வெயிலும் வந்தது. தினமும் காலையில் காப்பி டம்ளரோடு அதன் முன்னால் போய் நிற்கிறேன். நான் முதலில் பார்ப்பது அப்பாவின் முகத்தை அல்ல, நாலாவது மூலையைத்தான். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.